கூடையைத் தட்டிய இடம்

ஏரியில் படகு விட்டது, பேரிக்காய் திருடித் தின்றது, பனியில் விரைத்த கையை அடுப்பில் காட்டிவிட்டுப் பள்ளிக்கூடத்துக்கு ஓடியது. இப்படி ஏதாவது ஓர் இனிய நினைவை எழுதிக் கொடுங்கள் என்று பழைய மாணவியர் மலருக்காகக் கேட்டிருக்கிறீர்கள். உங்களில் முக்கால்வாசிப் பேர் அதைத்தான் எழுதியிருப்பீர்கள். போன மலரில் எந்தப் பக்கத்தைப் புரட்டினாலும் பேரிக்காய்தான். நாம் அத்தனை பேரும் திருடியது நிஜமானால் கொடைக்கானலில் ஒரு பேரிக்காய் மிஞ்சியிருக்காது. நானும் திருடினேன்தான். ஆனால் எழுபதைத் தாண்டி உட்கார்ந்து யோசிக்கும்போது என் வாயில் வருவது அந்த ருசி இல்லை.

எனக்கு வருவது ஒரே ஒரு சீசன். வெள்ளைக்காரர் காலம், பெரிய சண்டை தொடங்குவதற்குக் கொஞ்சம் முந்தி. எனக்கு வயது பத்து. ஏப்ரல் பிறந்தால் கீழ்நாட்டு வெயில் தாங்காமல் மிஷன்காரர்கள் மலையேறி வருவார்கள். அதுவரை மூடிக் கிடந்த பங்களாக்களின் புகைபோக்கிகள் ஒவ்வொன்றாகப் புகைய ஆரம்பிக்கும். எனக்கு நினைவு தெரியும் முன்பே அப்பா காய்ச்சலில் போய்விட்டார். அம்மா அப்படி ஒரு பங்களாவில் ஆயா. பின்னால் விறகுக் கொட்டகையை ஒட்டிய ஒற்றை அறைதான் எங்கள் வீடு. வேலை போனால் அறையும் போகும், நம் பள்ளிக்கூடத்தில் எனக்குக் கிடைத்திருந்த இலவச இடமும் போகும். இதை முதலிலேயே சொல்லி வைக்கிறேன்.

அந்த வருஷம் எங்கள் பங்களாவுக்கு வந்த மிஸ்ஸியம்மா அமெரிக்காக்காரி. கல்யாணம் ஆகாதவர், நல்ல உயரம், சிரித்தால் ஈறு தெரியும். தமிழ் நன்றாகவே பேசுவார். ஆனால் அது வேதப் புத்தகத்தில் படித்த தமிழ். "மகளே, எனக்குச் சிறிது வெந்நீர் கொண்டு வருவாயாக" என்று அவர் கேட்டால் நான் அடுப்படிக்குப் போய்ச் சிரித்துவிட்டுத்தான் வெந்நீர் கொண்டு வருவேன்.

அவர் சாமான்களோடு கம்பளியில் சுற்றிய நீளமான ஒரு பெட்டி வந்தது. செத்த பிள்ளையைக் கொண்டு வந்திருக்கிறாரோ என்று கூலிக்காரர்கள் பயந்து பயந்து தூக்கினார்கள். பிரித்தால் உள்ளே ஒரு வாத்தியம். இரண்டு முழ நீளம் இருக்கும். நடுவில் இடுப்பு மாதிரி சிறுத்திருக்கும். மேல் பலகையில் வெற்றிலை வடிவத்தில் நாலு ஓட்டை, அதன் மேல் மூன்று கம்பி. டல்சிமர் என்று பெயர் சொன்னார். அம்மா அதை மடிவீணை என்றாள், எங்கள் வீட்டில் அதுவே நின்றுவிட்டது. நம் பெண்கள் கைக்குழந்தையைக் காலில் போட்டுக் குளிப்பாட்டுவார்களே, அதே மாதிரி மடியில் கிடத்திக்கொண்டு வாசிக்க வேண்டும். இடது கையில் ஒரு சின்னக் குச்சி, அதை முதல் கம்பியின் மேல் முன்னும் பின்னுமாகத் தேய்த்துக்கொண்டே போனால் ராகம் வரும். வலது கையில் வாத்து இறகு, அதால் மூன்று கம்பியையும் சேர்த்து வருட வேண்டும். மற்ற இரண்டு கம்பிகளை யாரும் தொடுவதில்லை. ராகம் எங்கே போனாலும் அவை தங்கள் சுருதியிலேயே முனகிக்கொண்டிருக்கும்.

அவர் பிறந்த ஊரும் மலைதானாம். அங்கே ஏழைகள் தங்கள் கையாலேயே இதைச் செய்து, அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்து கதைப்பாட்டுப் பாடுவார்களாம். அவர் பாடிய பாட்டுகளின் அர்த்தத்தைச் சாயந்தர வேளைகளில் எனக்குச் சொல்வார். ஒன்றில் காதலி குத்துப்பட்டுச் சாவாள். ஒன்றில் பெற்ற பிள்ளையைத் தாயே புதைப்பாள். ஒன்றில் ஒருவன் தூக்கில் தொங்குவான். மிஸ்ஸியம்மா இவ்வளவையும் முகத்தில் ஒரு சுருக்கம் விழாமல், ஜெபம் சொல்கிற குரலில் பாடுவார். இவர்கள் எல்லாம் யார் என்று ஒரு நாள் கேட்டேன். அவர்கள் இறந்து இருநூறு முந்நூறு வருஷம் ஆகிவிட்டது, அவர்களுடைய வீடும் கிடையாது, கல்லறையும் கிடையாது, பாட்டு மட்டும்தான் இருக்கிறது என்றார். அதைச் சொல்லும்போது அவருக்குக் கண் கலங்கியது. நான் அவரைப் பெரிய மனசுக்காரி என்று நினைத்தேன். இப்போது யோசித்தால், இருநூறு வருஷத்துக்கு முன்னால் செத்தவர்களுக்காக அழுவது யாருக்கும் சுலபம்.

எனக்கு அந்த மடிவீணை மேல் வெறி பிடித்துவிட்டது. வேறு வார்த்தை இல்லை. மிஸ்ஸியம்மா சபைக்குப் போயிருக்கும் நேரம் பார்த்து எடுத்து மடியில் வைத்துக்கொள்வேன். பனி இறங்கினால் கம்பியை முறுக்கும் அதன் முளைகள் உப்பிக்கொண்டு சுருதி கெட்டுப்போகும். அதனால் அவர் தன் படுக்கையிலேயே ரஜாய்ப் போர்வைக்குள் அதை வைத்திருப்பார். வெதுவெதுப்பான அந்த மரத்தின் வாசனை, தைல மர விறகின் புகை, பக்கத்து அறையில் கொதிக்கும் பேரிக்காய் ஜாம், இவை மூன்றும் சேர்ந்த வாசனைதான் எனக்குச் சீசன். ஒரு நாள் கையும் களவுமாகப் பிடிபட்டேன். அம்மா என் முதுகில் இரண்டு வைத்தாள். மிஸ்ஸியம்மா அவளைத் தடுத்துவிட்டு என் கையைத் திருப்பிப் பார்த்தார். அன்று முதல் சாயந்தரம் ஒரு மணி நேரம் அது என் மடியில் இருக்கலாம் என்று உத்தரவு ஆயிற்று. அவருடைய குச்சியைத் தொலைத்தேன். மூங்கிலில் ஒன்று சீவிக்கொண்டேன். வாத்து இறகு பிய்ந்துபோனபோது சேவல் இறகால் சமாளித்தேன். பதினைந்து நாளில் அவர் பாட்டு நாலு எனக்கு வந்துவிட்டது. சொல்லுக்குச் சொல் புரியாமல் இங்கிலீஷில் நான் பாடுவதைக் கேட்கப் பக்கத்து பங்களா மிஸ்ஸிகளும் வருவார்கள், ஆளுக்கொரு பிஸ்கட்டோடு.

பிறகு ஒரு நாள் மிஸ்ஸியம்மா, உங்கள் மலையில் இப்படிக் கதைப்பாட்டு இல்லையா என்று கேட்டார். இருந்தது. என் சித்தியின் பாட்டு இருந்தது.

சித்தி, அம்மாவின் தங்கை, பெரும்பாறைப் பக்கம் ஒரு காப்பித் தோட்டத்தில் கூலி. இருபத்திரண்டு வயது, ஒரு கைக்குழந்தை. அம்மா மிஷனில் சேர்ந்து ஞானஸ்நானம் வாங்கியவள். சித்திக்கு அவள் கருப்பசாமியே போதும் என்றிருந்தது. முந்தின மார்கழியில், பழம் எடுக்கிற காலத்தில், சித்தி பிள்ளையைப் பார்த்துக்கொள்ள என்னை அங்கே இரண்டு மாசம் அனுப்பி வைத்திருந்தார்கள். காப்பிச் செடிக்கு நடுவில் ஒன்பது பெண்கள் வரிசையாகப் போவார்கள். நடுவில் ஆரஞ்சு மரங்கள். சித்தி பாட, மற்றவர்கள் வாங்கிப் பாடுவார்கள்.

பாட்டின் கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். மூன்று வருஷத்துக்கு முன்னால் அதே தோட்டத்தில் ஒருத்தி இருந்தாள், சித்தியின் வயசுத் தோழி, சோட்டுக்காரி, கல்யாணமாகி நாலு மாசம். ஐப்பசி மழையில் காட்டாறு பொங்கிக்கொண்டிருந்தபோது, பழக்கூடையோடு அக்கரைக்குப் போகச் சொன்னார் கங்காணி. தண்ணி வடியட்டும் என்று அவள் கேட்டாள். இறங்கு என்றார். இறங்கினாள். உடம்பு கிடைக்கவில்லை. மறுநாள் துரையின் ஆள்பதிவுப் புத்தகத்தில் கங்காணி அவளை 'ஓடிப்போனாள்' என்று எழுதி வைத்தார். புருஷன் வீட்டார் தலைகுனிந்து ஊரைவிட்டே போனார்கள். பார்த்த பெண்கள் ஒன்பது பேர். அவர்கள் எங்கே போய்ச் சொல்வது? சித்தி பாட்டாகக் கட்டினாள்.

*காட்டாறு பொங்கையில கரையோரம் நின்ன புள்ள*
*கூட நனஞ்சிருமே கொஞ்சம் பொறுங்கன்னா*
*எறங்குடின்னு சொன்னவரு . . . . . .*
*எறங்குன புள்ள பாதம் எக்கரையும் தொடலையே*

புள்ளி வைத்த இடத்தில் கங்காணியின் பெயர் வரும், தகப்பன் பெயரோடு. தங்களுக்குள் இருக்கும்போது பெண்கள் அதை முழுசாகப் பாடுவார்கள். அந்நியர் தலை தெரிந்தால் அந்த இடத்தில் பாட்டை நிறுத்தி, கூடையின் விலாவில் மூன்று தட்டுத் தட்டிவிட்டு அடுத்த அடிக்குப் போய்விடுவார்கள். ஒன்பது கூடையும் ஒன்றாகத் தட்டும். கங்காணி தினமும் குடையைப் பிடித்துக்கொண்டு அந்த வரிசைக்கு மேல்தான் நிற்பார். அவருக்கு அந்தப் பாட்டு ரொம்பப் பிடிக்கும். ஆற்றோடு போனவளைப் பற்றிய பொதுவான புலம்பல் என்று நினைத்தாரோ என்னவோ, வாய்க்குள் முனகுவார். கூடை தட்டும் இடம் வந்தால் பிரம்பால் தன் பூட்ஸைத் தானே மூன்று தட்டுத் தட்டிக்கொள்வார். பெண்கள் தலையைச் செடிக்குள் விட்டுக்கொண்டு சிரிப்பார்கள். அந்தக் கூலிக்கு அவர்களுக்கு இருந்த ஒரே சந்தோஷம் அது.

நான் ஊருக்குக் கிளம்பும் அன்று சித்தி என் தலையை வாரிக்கொண்டே சொன்னாள்: "ஏ புள்ள, பாட்டு ஒனக்கு வாயில ஏறிப்போச்சு, பாடு. அந்தப் பேர் வர்ற எடத்த மட்டும் வெளியில தொறந்துறாத. தட்டிட்டுப் போயிரணும். கேட்டா இங்க சொல்லே கெடையாதுன்னு சொல்லு. யாரு கேட்டாலும்."

மிஸ்ஸியம்மா கேட்டார். நான் பாடினேன், மடிவீணையை வைத்துக்கொண்டு. கூடைக்குப் பதில் அதன் பலகையில் மூன்று தட்டு. அவர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். உலகத்தின் இந்தக் கோடியிலும் அதே பாட்டு, அதே ஆறு, அதே பெண் என்று பக்கத்து பங்களாவுக்குச் சொல்லியனுப்பினார். பெரிய நோட்டுப் புத்தகம் எடுத்து ஒவ்வோர் அடியாகத் தமிழிலேயே எழுதினார். மூன்றாவது அடியில் பேனா நின்றது.

"இங்கே ராகம் இருக்கிறது, சொல் எங்கே, மகளே?"

சொல்லே கிடையாது என்றேன். அவர் நம்பவில்லை. கெட்டிக்காரி. நாலு அடியையும் விரல் விட்டு எண்ணி, இங்கே ஒரு மனிதனுடைய பெயர் இருந்திருக்க வேண்டும் என்று சரியாகவே சொன்னார். பழைய பாட்டுகளில் இப்படித்தான் பெயர்கள் உதிர்ந்துபோகும், யாராவது ஒருத்தர் நினைவில் வைத்திருந்தால் அவரால் பாட்டே பிழைக்கும் என்றார். இரண்டு நாள் விட்டுவிட்டார். மூன்றாம் நாள் மடிவீணையைத் துடைத்து என் மடியில் வைத்தார். "ஜூன் மாதத்தில் நான் இறங்கிப் போகும்போது இதை உனக்கே விட்டுப் போவேன். பாட்டை முழுமையாக வைத்திருக்கிறவளுக்குத்தான் வாத்தியம் சொந்தம்."

அவர் லஞ்சமாகச் சொல்லவில்லை என்று இன்றும் நம்புகிறேன். நான் லஞ்சமாகத்தான் வாங்கினேன். மனசுக்குள் நியாயம் தேடிக்கொண்டேன். இவர் வெள்ளைக்கார மிஸ்ஸி, தோட்டத்து ஆள் இல்லை, இவருக்கு அங்கே யாரையும் தெரியாது, இவரிடம் சொல்வதும் சுவரிடம் சொல்வதும் ஒன்று என்று. பெயரைச் சொன்னேன். தகப்பன் பெயரையும் சேர்த்து. எந்தத் தோட்டம் என்றும் கேட்டார், அதையும் சொன்னேன். என்னைக் கட்டிக்கொண்டு நெற்றியில் முத்தம் கொடுத்தார்.

அவர் செய்தது இதுதான். பாட்டு என்றால் இருநூறு வருஷப் பழசு என்பது அவர் ஊர்க் கணக்கு. நம் பக்கத்தில் ரத்தம் காயுமுன்னே பாட்டுக் கட்டிவிடுவார்கள் என்பது அவருக்கு யார் சொன்னது? அந்தப் பெயர் ஏதோ பழங்காலத்து மலை ஜமீன்தாருடையது என்று முடிவு பண்ணிக்கொண்டார். தோட்டத்து துரைக்குத் தன் கையால் ஒரு கடிதம் எழுதினார். உங்கள் பக்கத்துப் பெண்கள் பாடும் பாட்டில் இப்படி ஒருவர் பெயர் வருகிறது, ஒரு பெண்ணை ஆற்றில் இறக்கிக் கொன்றவராம், அவரைப் பற்றி அங்குள்ள முதியவர்களுக்கு ஏதாவது தெரியுமா, விசாரித்து எழுத முடியுமா என்று.

பத்து நாள் கழித்துப் பதில் வந்தது. காலைச் சாப்பாட்டு மேஜை. அம்மா டீ ஊற்றிக்கொண்டிருந்தாள். நான் ஜன்னல் கண்ணாடியில் படிந்த பனியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். மிஸ்ஸியம்மா கடிதத்தைப் படித்துச் சிரித்தார். "ஆயா, இது எவ்வளவு வேடிக்கை. அந்தப் பெயரில் பழங்காலத்தவர் ஒருவரும் இல்லையாம். துரையுடைய சொந்தக் கங்காணிக்குத்தான் அந்தப் பெயராம். துரை அவரை அழைத்து இதை வாசித்துக் காட்டினாராம்."

அம்மா டீயை நிறுத்தவில்லை. கோப்பை நிறைந்து, தட்டு நிறைந்து, விரிப்பில் ஓடியது. மன்னிப்புக் கேட்டுத் துடைத்துவிட்டு என்னைக் கையைப் பிடித்து விறகுக் கொட்டகைக்கு இழுத்துக்கொண்டு போனாள். நீயா என்றாள். ஆமாம் என்றேன். அடிப்பாள் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அவள் அடிக்கவில்லை. விறகின் மேல் உட்கார்ந்தாள். அப்புறம் குரலைத் தாழ்த்திச் சொன்னாள்:

"இனிமே நீ வாயத் தொறக்கக் கூடாது. எவ கேட்டாலும், ஒஞ் சித்தியே கேட்டாலும். அவளுக்குத் தெரிஞ்சா இங்க வந்து மிஸ்ஸியம்மா வாசல்ல நின்னு கத்துவா. கத்துனா நமக்கு இந்தச் சோறும் கெடையாது, ஒனக்குப் பள்ளிக்கூடமும் கெடையாது."

சித்தி மூடச் சொன்ன வாயைத்தான் நான் திறந்தேன். அம்மா மூடச் சொன்ன வாயை இன்றுவரை திறக்கவில்லை.

அம்மாவும் சும்மா இருந்துவிடவில்லை. மிளகு வாங்கத் தோட்டம் தோட்டமாகப் போகும் பாய் ஒருவர் பஜாரில் இருந்தார். அவரிடம் ஓடிப்போய், வெரசாப் போய் என் தங்கச்சிகிட்ட ஒரு வார்த்தை சொல்லிருங்க என்று கெஞ்சினாள். அவர் மறுநாள் வெள்ளனே கிளம்பியும் போனார். அவர் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. நடந்ததை அவர்தான் வந்து சொன்னார்.

கங்காணி யாரையும் அடிக்கவில்லையாம். காலையில் ஆள் கணக்கு எடுக்கும் களத்தில் எல்லோரையும் நிறுத்திவிட்டு, அந்த வரிசைப் பெண்களை மட்டும் கருப்பசாமி முன்னால் கூட்டிக்கொண்டு போனாராம். கொடைக்கானலிலிருந்து ஒரு வெள்ளைக்காரி துரைக்கு எழுதியிருக்கிறாள் என்று மட்டும் சொன்னார், எவள் என்று சொல்லவில்லை. கல்லின் மேல் கற்பூரம் ஏற்றினார். நம் பக்கத்துச் சத்தியம் உங்களுக்குத் தெரியும். எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்து ஒன்றைச் சொன்னால், அது பொய்யானால் பெற்ற பிள்ளை தங்காது. "ஆத்துல யாரும் போகல. அவ ஓடித்தான் போனா." இதைச் சொல்லி அணைக்க வேண்டும். அணைக்காதவள் அன்று சாயந்தரத்துக்குள் புருஷன் பிள்ளையோடு லயத்து வீட்டைக் காலி பண்ண வேண்டும். ஒவ்வொருத்தியாகப் போனார்கள். சித்தி கடைசி. இடுப்பில் பிள்ளை. அவளுக்கு மட்டும் கற்பூரத்தைப் பெரிய கட்டியாக வைத்தார் கங்காணி. பாட்டுக் கட்டியது யார் என்று அதற்குள் அவருக்குத் தெரிந்திருந்தது. சித்தி பிள்ளையைக் கீழே இறக்கி விட்டுவிட்டு, சொல்லச் சொன்னதைச் சொல்லி அணைத்தாள். சொன்ன பிறகும் அவளை வெளியேற்றினார்.

பாய் இதைச் சொல்லிவிட்டு, அல்லா பார்த்துக்கிட்டுத்தாம்மா இருக்கான் என்றார். அம்மா அவருக்குத் தண்ணீர் கொடுத்தாள்.

சித்தியும் சித்தப்பாவும் ஒரு மூட்டையும் பிள்ளையுமாக எங்கள் அறைக்கு வந்து சேர்ந்தபோது சாரல் தொடங்கிவிட்டது. சித்தியின் வலது உள்ளங்கையில் கொப்புளம் உடைந்து தோல் தொங்கியது. அம்மா அதற்கு வெண்ணெய் தடவினாள். சித்தி அழவில்லை. ஒரே கேள்வியைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டாள், எவ சொல்லியிருப்பா, எவ சொல்லியிருப்பா என்று. நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டேன். திரும்பி வந்தபோது அவளுக்குப் பதில் கிடைத்திருந்தது, தானாகவே.

ஆற்றோடு போனவளுக்கு ஒரு தங்கை உண்டு. அவளும் அந்த வரிசையில் பாடியவள்தான். தை மாசம் அவளைக் கொடைக்கானலில் ஒரு காய்கறித் தோட்டக்காரருக்குக் கட்டிக் கொடுத்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் பீன்ஸும் உருளைக்கிழங்கும் குவித்து உட்கார்ந்திருப்பாள். பாட்டுத் தெரிந்தவர்களில் மலைக்கு மேல் வந்தவள் அவள் ஒருத்திதான். நான் ஒருத்தி இருக்கிறேன் என்பது சித்தியின் நினைப்பிலேயே வரவில்லை. குழந்தைதானே.

அடுத்த ஞாயிறு சித்தி சந்தைக்குப் போனாள். அம்மாவும் பின்னால் ஓடினாள், என்னையும் பிடித்துக்கொண்டு. தங்கச்சிக்காரி பீன்ஸ் குவியலுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். சித்தியைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அந்தத் திருப்பலே சித்திக்குப் போதுமான சாட்சி ஆகிவிட்டது.

"ஒங்கக்காளுக்காகத்தானடி நான் அந்தப் பாட்டக் கட்டுனேன்," என்றாள் சித்தி. சத்தம் போடவில்லை. "அதக் கொண்டுபோயி வெள்ளக்காரிகிட்ட வித்துட்டியே."

தங்கச்சிக்காரி எழுந்து நின்றாள். "எங்கக்கா ஓடிப்போனான்னு கற்பூரம் அணச்சவ நீயி. ஊரெல்லாம் வாய் பொத்தி இருந்தப்ப ஒன் பாட்டு ஒண்ணுதான் அவளுக்கு இருந்துச்சு. அதையும் ஒங் கையாலயே அணச்சிட்ட. எம் மொகத்துல முழிக்காத."

சித்தி அந்தக் குவியலின் மேல் காறித் துப்பினாள். என் தோளில் அம்மாவின் விரல்கள் பதிந்திருந்தன. அன்று ராத்திரி சட்டையைக் கழற்றும்போது ஐந்து விரலும் சிவப்பாகத் தெரிந்தன. அவள் அவ்வளவு அழுத்தியிருக்க வேண்டியதே இல்லை. நான் பேசுவதாகவே இல்லை. பேசினால் பள்ளிக்கூடம் போய்விடும் என்பது ஒரு காரணம். சித்தி என்னைப் பார்க்கிற பார்வை மாறிவிடும் என்பது இன்னொரு காரணம். அதுதான் பெரிய காரணம்.

ஜூன் கடைசியில் மிஸ்ஸியம்மா இறங்கிப் போனார். சொன்ன சொல் தவறாதவர். மடிவீணையைக் கம்பளியோடு என் கையில் கொடுத்து, உன் சித்திக்கு என் வாழ்த்துதலைச் சொல் என்றார். அவருக்கு ஒன்றுமே தெரியாது. அம்மா சொல்லவில்லை, நான் சொல்லவில்லை, துரையும் எழுதவில்லை. வேண்டாம் என்று சொன்னால் ஏன் என்று கேட்பாரே என்று வாங்கிக்கொண்டேன். அறைக்குள் கொண்டு வந்து சுவரில் சாய்த்தேன். சித்தி பிள்ளைக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். இது என்ன, யார் கொடுத்தது, எதுக்கு என்று கேட்டாள். மிஸ்ஸியம்மா, சும்மாதான் என்றேன். நல்ல மனுசி போல என்றாள் சித்தி.

அதை நான் அப்புறம் வாசிக்கவில்லை. ஒரு கம்பியை அம்மா சோப்புக் கட்டி அறுக்க எடுத்தாள். இன்னொன்று குடைக்குப் போயிற்று. பலகையின் மேல் ரொம்ப நாள் துணி மடித்து வைத்திருந்தோம். ஒரு வருஷம் அடைமழையில் விறகெல்லாம் நனைந்துபோனபோது அதுவும் அடுப்புக்குப் போனது. நன்றாக எரிந்தது. சித்தப்பா தைல மரம் வெட்டப் போனார், சித்தி ரோட்டு வேலைக்குப் போனாள். பிள்ளைக்குக் காய்ச்சல் வரும்போதெல்லாம் அவள் தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொள்வாள். பிள்ளை பிழைத்து வளர்ந்து ஆளாகிவிட்டான். ஆனாலும் பார்ப்பாள். வாய் விட்டு அவள் பாடி அதன் பிறகு யாரும் கேட்டதில்லை, தாலாட்டுக்கூட.

சண்டை முடிகிற சமயம் நம் பள்ளிக்கூடத்துக்கு அமெரிக்காவிலிருந்து மிஸ்ஸியம்மா எழுதிய ஒரு புத்தகம் வந்தது. உங்களில் சிலருக்கு ஞாபகம் இருக்கலாம், பெரிய டீச்சர் வகுப்பு வகுப்பாகக் கொண்டுபோய்க் காட்டினார், நம் மலைப் பாட்டு அச்சில் ஏறியிருக்கிறது என்று. அதற்குள் எனக்கு இங்கிலீஷ் படிக்க வந்திருந்தது. பாட்டு, ராகக் குறிப்பு, கீழே ஒரு விளக்கம். தென்னிந்திய மலைப் பெண்களின் மிகப் பழைய பாட்டு, கட்டியவர் யாரென்று தெரியாது. மூன்றாவது அடியில் புள்ளி வைத்திருந்தது. இந்த இடத்தில் சொற்கள் காலப்போக்கில் மறைந்துவிட்டன, பாடுகிறவர்களுக்கே நினைவில்லை என்று எழுதியிருந்தது. துரையின் கங்காணி மனம் வருந்தக் கூடாது என்று மரியாதையாக எடுத்துவிட்டிருக்கிறார். எந்தச் சொல்லைக் கேட்டு வாங்கினாரோ, எந்தச் சொல்லுக்காகச் சித்தி கையைச் சுட்டுக்கொண்டாளோ, அந்தச் சொல் கடைசியில் அவருக்கே தேவைப்படவில்லை. வகுப்பில் எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

இவ்வளவு எழுதிவிட்டு அந்தப் பெயரை ஏன் எழுதவில்லை என்று கேட்பீர்கள். நம் சங்கக் கட்டடத்தில் நீங்கள் உட்காரும் நாற்காலிகளைக் கொடுத்தவர் கங்காணியின் பேரன். நல்ல மனிதர், தாத்தாவைப் பற்றி எதுவும் தெரியாதவர். ஆகவே நானும் கூடையைத் தட்டிவிட்டுப் போகிறேன்.

சித்தி செத்தபோது எனக்கு நாற்பத்திரண்டு வயது. டீச்சராகிப் பதினெட்டு வருஷம். அம்மா போய்ச் சேர்ந்திருந்தாள், அந்தப் பங்களாவே கைமாறிவிட்டது. வாயைத் திறந்தால் என்னிடமிருந்து பறித்துக்கொள்ள யாருக்கும் எதுவும் இல்லை. வீட்டில் பெண்கள் கூடி ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தார்கள். மதியத்துக்கு மேல் தங்கச்சிக்காரி வந்தாள். தலை நரைத்து, முதுகு வளைந்து, சந்தையிலிருந்து அப்படியே எழுந்து வந்த மாதிரி, இடுப்பில் சுருக்குப் பையோடு. முப்பது வருஷத்துக்கு மேல் இரண்டு பேரும் ஒரே சந்தைக்குப் போய்வந்து ஒரு வார்த்தை பேசியதில்லை. பெண்கள் ஒப்பாரியை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். அவள் சித்தியின் தலைமாட்டில் உட்கார்ந்து, மெல்லிய குரலில், காட்டாறு பொங்கையில என்று ஆரம்பித்தாள். மூன்றாவது அடி வந்தது. பெயரைச் சொல்லவில்லை. கூடை இல்லாததால் தன் மாரில் மூன்று அடி அடித்துக்கொண்டாள்.

தூக்கிக்கொண்டு போன பிறகு, நான் வாசலைக் கழுவிக்கொண்டிருந்தபோது என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"டீச்சரு, நீ படிச்சவ. நான் சொல்லல. சத்தியமா நான் சொல்லல. அவ நான்னு நெனச்சிக்கிட்டே போயிட்டா. அன்னைக்கு அத யாரு கொண்டுபோயிச் சொன்னதுன்னு ஒனக்காச்சும் தெரியுமா?"

"தெரியாதுங்க சின்னம்மா," என்றேன்.

பத்து வயதில் பெயரைச் சொன்னதற்கு நான் சிறுபிள்ளை. இதற்கு என்ன பெயர் வைப்பது என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். அவள் தலையை ஆட்டிவிட்டு, யாரோ, எவளோ என்று தனக்குள் சொல்லிக்கொண்டே இறக்கத்தில் நடந்து போனாள்.

அடுத்த ஞாயிறு சந்தைக்குப் போனேன். அரைக் கிலோ பீன்ஸ் நிறுத்துப் போட்டாள். நான் பையை மடிக்கப் போனபோது, துக்க வீட்டுப் பிள்ளை, வச்சுக்க என்று இன்னும் ஒரு கை அள்ளிப் போட்டாள். வாங்கிக்கொண்டேன்.